தொண்டை கட்டிய சேதி: ஏற்காட்டில் உட்கார்ந்து ஓபரா கிசுகிசு படிப்பது எப்படி

எங்கள் பக்கத்தில் கூத்து முடிந்த மறுநாள் காலை டீக்கடையில் கதையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கர்ணன் செத்தது ஊருக்கே தெரியும். பேச்செல்லாம் வேறு: விடியற்காலை மூணு மணிக்கு மேல் கர்ணனுக்குத் தொண்டை கம்மியதா இல்லையா, பொன்னுருவி வேஷம் கட்டியவர் அதே தேதிக்கு வேறு ஊரிலும் அட்வான்ஸ் வாங்கியிருந்தாராமே, வாத்தியாருக்கும் முகவீணைக்காரருக்கும் பேச்சுவார்த்தையே இல்லையாமே. இந்தப் பேச்சில் உட்காரப் பிடிக்கும் என்றால் ஓபரா, அதாவது கதையைப் பாடியே நடத்தும் ஐரோப்பிய மேடை நாடகம், அதன் செய்திகளும் உங்களுக்குப் பிடிக்கும். ஊர் மிலான், வியன்னா, நியூயார்க் என்று மாறும், அட்வான்ஸ் யூரோவில் வரும். மற்றபடி அதே டீக்கடைதான்.

நான் ஏற்காட்டில், ஒண்டிக்கடைக்குக் கொஞ்சம் மேலே குடியிருக்கிறேன். வேலை சேலத்தில். தினமும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறுகிறவனுக்குக் காதில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும்; அப்படித்தான் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. போன மாதம் அஸ்தம்பட்டியில் ஒரு தம்பி, “எனக்கும் இதுல இறங்கணும்ணா, எங்கிருந்து ஆரம்பிக்கறது?” என்று கேட்டான். இரண்டு தட்டுவடை செட் முடிகிற வரை அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதலில் பாட்டு, அப்புறம் வம்பு

புதிதாக வருகிறவர்கள் செய்யும் தப்பு, நேராகச் செய்திக்குப் போவது. இன்ன பாடகி இன்ன தேதிக்கு வரவில்லை என்று படித்தால் உங்களுக்கு என்ன வந்தது? அந்தக் குரலைக் கேட்டிருந்தால்தான் அவர் வராததன் நஷ்டம் உறைக்கும். அதனால் முதல் பத்து நாள் செய்தி வேண்டாம். பாட்டு மட்டும் கேளுங்கள்.

கேட்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: ஓபரா அரங்கில் பாடகருக்கு மைக் கிடையாது. மேடைக்கு முன்னால் குழியில் அறுபது எழுபது பேர் வாசிக்கிறார்கள். அந்தச் சத்தத்தைத் தாண்டி, சுமார் 3,800 இருக்கைகள் கொண்ட நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கின் கடைசி வரிசை வரை வெறும் தொண்டை போய்ச் சேர வேண்டும். ஒலிபெருக்கி வருவதற்கு முந்தைய நம் நாடகக் கொட்டகையும் இப்படித்தான். கிட்டப்பா உச்சத்துக்குப் போனால் தட்டிக்கு வெளியே நிற்கிறவனுக்கும் கேட்கும் என்று என் தாத்தா சொல்வார். அதே மூச்சில் கிட்டப்பாவுக்கும் கொடுமுடி சுந்தராம்பாளுக்கும் என்ன பிரச்சினை என்பதையும் சொல்லிவிடுவார். பாட்டும் வம்பும் அவருக்கு ஒரே பொட்டலம்.

மைக் இல்லாததால்தான் ஓபரா உலகின் முக்கால்வாசிச் செய்தி கடைசியில் தொண்டையில் போய் முடிகிறது. சளி பிடித்தால் செய்தி. ஐம்பது வயதில் ஒருவர் தன் குரலுக்குக் கனமான வேஷத்தை ஒப்புக்கொண்டால் செய்தி. கல்யாணம், விவாகரத்து, சண்டை எல்லாவற்றையும் ரசிகர்கள் “அதனால் குரல் என்ன ஆச்சு?” என்றுதான் விசாரிப்பார்கள்.

எந்தப் பாட்டில் தொடங்குவது? பிரெஞ்சு இசையமைப்பாளர் பீஸே 1863-இல் மேடையேற்றிய ‘முத்துக் குளிப்போர்’ இலங்கைக் கடற்கரையில் நடக்கிறது. முதலில் மெக்சிகோ என்று வைத்திருந்து பிறகு இலங்கைக்கு மாற்றினார்கள். அதனால் மன்னார்ப் பக்கத்து ஆட்களை அதில் தேடாதீர்கள்; பாத்திரங்களின் பேர் நாதிர், சுர்கா, லைலா. ஆனால் இரண்டு ஆண்கள் சேர்ந்து பாடும் பாட்டு ஒன்று இருக்கிறது, அது ஒன்றே போதும். இன்னொன்று, உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கலாம். சின்னக்கடை வீதி ஃபேன்சி ஸ்டோரில் லாக்மே கண்மை வாங்குகிறோமே, அந்தப் பேர் 1883-இல் வந்த டெலீபின் ஓபராவிலிருந்து எடுத்தது. நீலகண்டர் என்ற பூசாரியின் மகள் லாக்மே, அதாவது நம்ம லட்சுமிதான், பிரெஞ்சு வாயில் அப்படி ஆகிவிட்டாள். 1952-இல் டாடா குழுமம் அழகுசாதன நிறுவனம் தொடங்கியபோது அந்தப் பேரை வைத்தது. அந்த ஓபராவில் இரண்டு பெண்கள் பூப்பறிக்கப் போகும்போது பாடும் பாட்டைப் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விளம்பரத்தில் பலர் கேட்டிருப்பீர்கள்.

ஒரே பாட்டை மூன்று பேர் குரலில் கேளுங்கள். யாரைப் பிடிக்கிறது, ஏன் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். குரல் வகை நான்கைந்து தெரிந்தால் போதும்: பெண்களில் மேல் குரல் சோப்ரானோ, அதற்குக் கீழே மெட்ஸோ, ஆண்களில் டெனர், பாரிடோன், அடியில் பாஸ். கதாநாயகன் பெரும்பாலும் டெனர், வில்லன் பாரிடோன். சம்பளமும் வம்பும் அதிகம் டெனருக்கும் சோப்ரானோவுக்கும்தான். முழு ஓபரா பார்க்க வேண்டுமென்றால் ஐரோப்பிய அரங்குகள் சேர்ந்து நடத்தும் ஓபராவிஷன் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

நேரக் கணக்கு, அதில் நான் பட்ட பாடு

மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கு ஆண்டுதோறும் டிசம்பர் 7 அன்று சீசனைத் தொடங்கும். அது அந்த ஊரின் காவல் புனிதர் அம்புரோஸின் திருநாள். நம்ம கோட்டை மாரியம்மனுக்கு ஆடி எப்படியோ, மிலான்காரர்களுக்கு அந்த இரவு அப்படி. அமைச்சர்கள், தொழிலதிபர்கள், நகைகள், வாசலில் ஆர்ப்பாட்டம், உள்ளே தேசிய கீதம், அப்புறம் பாட்டு. ஓபரா கிசுகிசுவில் அறிமுகமாக இதைவிட நல்ல ராத்திரி கிடையாது. 2023-இல் ‘டான் கார்லோ’ தொடங்கும் முன், கீதம் முடிந்த கையோடு மேலிருந்து ஒருவர், பாசிசத்தை எதிர்க்கும் இத்தாலி வாழ்க என்று கத்தினார். போலீஸ் வந்து அவர் யாரென்று விசாரித்தது. அடுத்த இரண்டு நாள் பாட்டைவிட அதுதான் பேச்சு.

நான் முதன்முதலாக நேரலை பார்க்க உட்கார்ந்த வருஷம், இத்தாலிக்கும் நமக்கும் கோடையில் இருக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசத்தையே டிசம்பருக்கும் கூட்டிவிட்டேன். மாலை 6 மணி என்றால் நமக்கு ஒன்பதரை என்று நினைத்து, சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு மணி நேரம் வெறும் அறிவிப்புத் திரையைப் பார்த்தேன். குளிர்காலத்தில் வித்தியாசம் நாலரை மணி. பத்தரைக்குத்தான் திரை விலகும். விலகுகிற நேரத்துக்குச் சரியாக மின்சாரம் போனது. டிசம்பரில் மலையில் மூடுபனி இறங்கினால் இது புதிதில்லை. மறுநாள் காலை, யார் நன்றாகப் பாடினார்கள் என்று படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அதனால் இதை எழுதி ஒட்டிவிடுங்கள். இத்தாலி, ஆஸ்திரியா, ஜெர்மனி, பிரான்ஸ்: அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி, மற்ற நாளில் மூன்றரை. லண்டனுக்கு இரண்டிலும் ஒரு மணி கூட்டுங்கள். நியூயார்க்குக்குக் குளிர்காலத்தில் பத்தரை, கோடையில் ஒன்பதரை. இதன்படி ஐரோப்பாவில் நடக்கும் ரகளை நமக்கு நள்ளிரவில் வரும். நியூயார்க் ரகளை காலை இட்லியோடு வரும்.

வராதவர்கள் பட்டியலைப் படிப்பது

தினசரிச் செய்தியில் பாதி இதுதான்: இன்னார் விலகினார், பதிலுக்கு இன்னார். பெரிய பாடகர்களின் தேதிகள் மூன்று நான்கு வருஷம் முன்பே பதிவாகிவிடும். அத்தனை முன்கூட்டிச் சொன்ன வாக்கை எந்தத் தொண்டையும் முழுக்கக் காப்பாற்றுவதில்லை. அரங்குகளின் அறிவிப்பு எப்போதும் மிகப் பணிவாக இருக்கும், அந்தப் பணிவைப் படிக்கத் தெரிய வேண்டும்.

‘உடல்நலக் குறைவு’ என்றால் பெரும்பாலும் உடல்நலக் குறைவுதான். சளிக்குப் பின்னால் சதி தேடாதீர்கள். ‘தனிப்பட்ட காரணங்கள்’ என்றால் பொறுத்திருங்கள், அதே பாடகர் அந்த வாரம் வேறு ஊரில் பாடுகிறாரா என்று ஓபராபேஸ் இணையதள அட்டவணையில் பாருங்கள். ஒத்திகை தொடங்கி இரண்டு வாரம் கழித்து ‘கலைநோக்கில் கருத்து வேறுபாடு’ என்று வந்தால் இயக்குநரோடு சண்டை. ‘பரஸ்பர ஒப்புதலுடன்’ என்பது அரசியலில் என்ன பொருளோ அதேதான். எப்போதாவதுதான் அரங்கு பூசி மெழுகாமல் பேசும். 1994 பிப்ரவரியில் மெட்ரோபாலிட்டன், சோப்ரானோ கேத்லீன் பேட்டிலை ஒத்திகையில் தொழில் ஒழுங்கு மீறி நடந்தார் என்று வெளிப்படையாகச் சொல்லியே நீக்கியது. அப்படி வந்தால் அதற்கு முன் பல மாதங்கள் உள்ளே புகைந்திருக்கும் என்று அர்த்தம்.

வராததிலேயே பேர் வாங்கியவரும் உண்டு. இத்தாலிய டெனர் பவரோட்டி சிகாகோ லிரிக் ஓபராவில் ஒப்புக்கொண்ட 41 தேதிகளில் 26-க்கு வரவில்லை. 1989-இல் அந்த அரங்கின் தலைவி ஆர்டிஸ் கிரெய்னிக், இனி உங்களோடு தொடர்பு இல்லை என்று முடித்துக்கொண்டார். நம்ம ஊர்க் கூத்துச் செட்டு ஒன்று இப்படிச் செய்திருந்தால் நாலாவது தடவையே பஞ்சாயத்து கூடியிருக்கும்.

ஆனால் ‘இனி எந்நாளும் கிடையாது’ என்ற சேதி வந்தால் நிரந்தரம் என்று நம்பிவிடாதீர்கள். சோப்ரானோ மரியா காலஸை 1958 நவம்பரில் மெட்ரோபாலிட்டனின் பொது மேலாளர் ருடால்ஃப் பிங் நீக்கினார். 1965-இல் அதே பிங் காலத்தில் காலஸ் அதே மேடையில் ‘டோஸ்கா’ பாடினார். பேட்டிலும் 2016-இல் ஒரு கச்சேரிக்குத் திரும்பி வந்தார். ஓபரா உலகத்தில் எந்நாளும் என்பது ஏழு வருஷத்திலிருந்து இருபத்திரண்டு வருஷம் வரை.

ஒன்ஸ்மோர் விவகாரம்

உங்கள் முதல் முழுநீள வம்பாக இதை எடுத்துக்கொள்ளுங்கள். இது புரிந்தால் மீதி எல்லாம் புரியும்.

இத்தாலிய இசையமைப்பாளர் பூச்சீனியின் ‘டோஸ்கா’ மூன்றாவது அங்கம். விடிந்தால் மரண தண்டனை. ஓவியன் கவரதோஸி நட்சத்திரங்களைப் பார்த்துக் காதலியை நினைத்துப் பாடுகிறான். பாட்டு முடிந்ததும் டோஸ்கா ஓடி வர வேண்டும். 2016 ஏப்ரல் 16 அன்று வியன்னாவில் ஜெர்மன் டெனர் யோனாஸ் கௌஃப்மன் இதைப் பாடினார். கைதட்டல் அடங்கவில்லை. அவர் இரண்டாம் முறை பாடினார். இசை தொடர்ந்தது, டோஸ்கா வர வேண்டிய இடம் வந்தது, ஆள் வரவில்லை. மேடையில் கௌஃப்மன் மட்டும். அவர் அந்த ராகத்திலேயே, “நம்மிடம் சோப்ரானோ இல்லையே” என்று இத்தாலியனில் பாடிவிட்டார். அரங்கு சிரித்தது. வராதவர் ருமேனியாவின் ஆஞ்செலா கியோர்கியு.

அன்று ஏன் வரவில்லை என்பதை ஆளுக்கொரு விதமாகப் பேசினார்கள். எட்டு வருஷம் கழிந்தது. 2024 செப்டம்பரில் சியோல். அதே டோஸ்கா, அதே பாட்டு, வேறு டெனர், மறுபடி ஒன்ஸ்மோர். இந்த முறை கியோர்கியு மேடைக்கே வந்துவிட்டார். இசைக்குழுவை நடத்துகிறவரைப் பார்த்துக் கையை ஆட்டி, இது கச்சேரி இல்லை, நாடகம் என்ற பொருளில் உரக்கச் சொன்னார். கடைசியில் வணக்கம் சொல்ல வந்தபோது ரசிகர்கள் கூச்சலிட, திரும்பிப் போனார். அரங்கு மன்னிப்புக் கேட்கச் சொன்னது.

இதை எங்கள் டீக்கடையில் சொன்னேன். பாதி வாழ்நாள் கூத்துக்கு மிருதங்கம் வாசித்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். “அந்தம்மா செஞ்சது நாயந்தான். நடுவால நடுவால நிறுத்தி ஒன்ஸ்மோர் பாடினா கதை எப்ப விடியறது? ஆனா சபையில வெச்சுச் சொல்லியிருக்கக் கூடாது, திரைக்குப் பின்னாடி சொல்லியிருக்கணும்” என்றார். இதைவிடச் சரியான விமரிசனத்தை நான் ஆங்கிலத்தில் படிக்கவில்லை.

இந்தச் சண்டை இரண்டு பேருக்கு இடையில் மட்டும் இல்லை. ஒன்ஸ்மோர் என்பதே அங்கே பழைய தகராறு. லா ஸ்காலாவில் 1933-க்குப் பிறகு யாரும் தனிப்பாட்டைத் திரும்பப் பாடியதில்லை. 2007-இல் பெரு நாட்டு டெனர் ஹுவான் டியேகோ ஃப்ளோரெஸ்தான் அதை உடைத்தார். டெனர் குரலின் உச்சியில் இருக்கும் ‘சி’ சுரத்தை ஒன்பது தடவை தொட வேண்டிய பாட்டு அது.

கூச்சல் போடுகிறவர்கள்

லா ஸ்காலாவின் உச்சி மாடத்தில் மலிவு டிக்கெட்டில் நிற்கிற ரசிகர்களுக்கு லொஜோனிஸ்தி என்று பேர். தப்புப் பிடிப்பதில் அவர்களுக்கு நிகர் அவர்களே. 2006 டிசம்பர் 10. ‘ஐடா’வில் டெனர் ரொபெர்தோ அலான்யா தொடக்கப் பாட்டைப் பாடி முடித்தார். மேலிருந்து கூச்சல். அவர் ஒரு கையை உயர்த்திக் காட்டிவிட்டு நேராக வெளியே நடந்துவிட்டார். இசை நிற்கவில்லை. மாற்றுப் பாடகர் அந்தோனெல்லோ பலோம்பி, வேஷம் மாற்ற நேரமில்லாமல், போட்டிருந்த கறுப்புச் சட்டை ஜீன்ஸோடு எகிப்துத் தளபதியாக உள்ளே வந்தார். இப்படித் திடீரென்று இறங்கிக் காப்பாற்றுகிறவர்களைப் பற்றிய செய்திகளைத் தவறவிடாதீர்கள். நாளைய பேர்கள் பல அங்கேதான் முதலில் தென்படும். (அலான்யா அந்தச் சமயம் கியோர்கியுவின் கணவர். 1996-இல் கல்யாணம், 2013-இல் விவாகரத்து. நூல் எங்கே போய் எங்கே சேர்கிறது பாருங்கள்.)

1958 ஜனவரி 2 அன்று ரோமில் காலஸ் ‘நோர்மா’வின் முதல் அங்கத்தோடு நிறுத்திக்கொண்டார். இத்தாலிய ஜனாதிபதி அரங்கில் உட்கார்ந்திருந்தார். தொண்டை சரியில்லை என்றார் காலஸ். நாடே அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டது. இன்னும் பின்னால் போனால், 1727-இல் லண்டனில் குட்ஸோனி, ஃபவுஸ்தினா என்ற இரண்டு பாடகிகளின் ரசிகர்கள் இளவரசி முன்னிலையிலேயே சீழ்க்கையும் ஊளையுமாக ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். நம்ம சினிமா ரசிகர் மன்றங்களுக்கு மூத்த அண்ணன்கள்.

கூச்சலை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதாதீர்கள். ‘மதாம் பட்டர்ஃப்ளை’ 1904 பிப்ரவரியில் லா ஸ்காலாவில் கேலிக்குள்ளாகிப் படுத்தது. பூச்சீனி திருத்தினார்; மே மாதம் பிரெஷா நகரில் அதே படைப்பு ஜெயித்தது. கூச்சலுக்கும் வரம்பு உண்டு என்பதற்கு 2022 நவம்பர்: லண்டன் ராயல் ஓபராவில் ஹேண்டலின் ‘அல்சீனா’வில் பாடிய சிறுவனை ஒரு ரசிகர் கேலி செய்தார். அரங்கு அவரை ஆயுளுக்கும் உள்ளே விடுவதில்லை என்றது. சரியான முடிவு.

எதை நம்புவது

நான் மூன்று கட்டாகப் பிரித்துக்கொள்கிறேன். அரங்கு அல்லது பாடகரே சொன்னது, பேர் போட்டுப் பத்திரிகையாளர் எழுதியது, ‘சொல்லிக்கொள்கிறார்கள்’. மூன்றாவது கட்டைக் கேட்டுச் சிரிக்கலாம், பரப்பக் கூடாது. ஒருமுறை ஒரு மெட்ஸோ ஒரே ஒரு காட்சியிலிருந்து விலகியதை, மேடையை விட்டே விலகினார் என்று தப்பாகப் படித்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இரங்கற்பா மாதிரி எழுதிவிட்டேன். மூன்றாம் நாள் அவர் பாடினார். குழுவில் இன்றைக்கும் யாராவது லீவு போட்டால் “ஓய்வு பெற்றுவிட்டாராமே” என்று என்னைக் கேட்கிறார்கள்.

பழங்கதைகளிலும் கவனம். டோஸ்கா கோட்டைச் சுவரிலிருந்து குதிக்க, கீழே மெத்தைக்குப் பதில் துள்ளு மேடை போட்டிருந்தார்களாம், அவள் திரும்பத் திரும்ப மேலே எழும்பித் தெரிந்தாளாம். அருமையான கதைதான். ஆனால் சொல்கிறவரைப் பொறுத்துப் பாடகி பேரும் ஊரும் மாறும். பேர் மாறிக்கொண்டே இருந்தால் மூன்றாவது கட்டு.

பாலியல் அத்துமீறல் புகார்களை மட்டும் வம்போடு சேர்க்காதீர்கள். மெட்ரோபாலிட்டன், விசாரணைக்குப் பிறகு இசைக்குழு நடத்துகிற ஜேம்ஸ் லெவைனை 2018 மார்ச்சில் நீக்கியதும், 2019-இல் புகார்கள் வெளிவந்தபின் பாடகர் பிளாசிடோ டொமிங்கோ லாஸ் ஏஞ்சலஸ் ஓபரா பொறுப்பிலிருந்து விலகியதும் செய்தி. அதற்கு முன் வருஷக்கணக்கில் அங்கங்கே பேசிச் சிரித்ததுதான் கிசுகிசுவாக இருந்தது, பிழையும் அங்கேதான்.

பணச் செய்தி வறட்சியாக இருக்கும், இருந்தாலும் ஒரு கண் வையுங்கள். 2022 நவம்பரில் இங்கிலாந்து தேசிய ஓபராவின் அரசு மானியத்தை வெட்டி, லண்டனை விட்டு வெளியே போகச் சொன்னார்கள். அடுத்த வருஷம் மான்செஸ்டர் என்று முடிவானது. 2005-இல் லா ஸ்காலா ஊழியர்கள் நம்பிக்கையில்லை என்று வாக்களித்ததும் அதன் இசை இயக்குநர் ரிக்கார்தோ மூத்தி ராஜினாமா செய்தார்.

நாள்காட்டியில் குறிக்க வேண்டியவை குறைவு. அடுத்த சீசன் அறிவிப்புகள் பெரும்பாலும் பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை வரும். யார் பேர் இருக்கிறது என்பதைவிட யார் பேர் இல்லை என்று பாருங்கள். ஜூலை கடைசியில் ஜெர்மனியின் பைராய்ட்டில் இசையமைப்பாளர் வாக்னரின் விழா, அதையொட்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் விழா. டிசம்பர் 7 மிலான். அப்புறம் மெட்ரோபாலிட்டனின் சனிக்கிழமை மதிய வானொலி ஒலிபரப்பு. 1931 கிறிஸ்துமஸிலிருந்து நடக்கிறது, பல நிலையங்கள் இணையத்திலும் தருகின்றன. அங்கே பகல் 1 மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு இரவு பதினொன்றரை. கூத்தில் கட்டியங்காரன் வந்து போய், ராஜா வேஷம் திரைக்குப் பின்னால் சலங்கை கட்டுகிற நேரம். பவர் பேங்கைச் சாயங்காலமே சார்ஜ் போட்டு வையுங்கள்.